வீட்டில் சோப்பு செய்வோர்க்கு ஒரு பாடம்: பொருள் தேர்வும் பிழை திருத்தமும்

நாகபுரியில் உள்ள எங்கள் கிளைக்கு ஒரு நாள் முற்பகலில் வந்த பெண் வாடிக்கையாளர் ஒருவர், கடன் விண்ணப்பத்தோடு மூன்று சோப்புக் கட்டிகளையும் மேசைமேல் வைத்தார். அவை அவர் தம் வீட்டிலேயே செய்தவை. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் கடன் வேண்டும் என்றும், தீபாவளிக்கு 200 கட்டிகள் தருவதாக அக்கம்பக்கத்தாரிடம் முன்பணம் வாங்கிவிட்டதாகவும் கூறினார். கடன் தாமதமானால் தம் தொடர் வைப்பை முறித்தாவது எண்ணெய் வாங்கிவிடுவேன் என்றார். அந்த வைப்பு அவர் மகளின் படிப்புக்காகச் சேர்ப்பது என்பதை நாங்கள் அறிவோம்.

அவர் கொடுத்த சோப்பைக் கிளையில் கை கழுவப் பயன்படுத்தினோம். மாலைக்குள் விரலிடுக்குகள் சிவந்து எரிந்தன. விண்ணப்பத்தை ஒற்றை வரிக் குறிப்புடன் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் பிழை எங்கே என்று சொல்லாமல் அனுப்பினால், அவர் வைப்பை முறித்து அதே பிழையை 200 மடங்காகச் செய்திருப்பார். எனவே அவர் செய்முறையைக் கேட்டறிந்தோம். பின்னர் விடுமுறை நாட்களில் நாங்களும் செய்து பார்த்தோம். அவ்வாறு கற்றவற்றை, இத்தொழிலில் இறங்க எண்ணும் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படும் என்னும் நம்பிக்கையுடன் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சோப்பு எவ்வாறு உருவாகிறது?

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வேதிவினை புரிந்தால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கின்றன. வினை முழுமையடைந்த நல்ல சோப்பில் தனித்த காஸ்டிக் சோடா எஞ்சியிருப்பதில்லை. எஞ்சியிருந்தால் அது தோலை அரிக்கும். ஆகவே இத்தொழிலின் அடிப்படை கணக்குத்தான். ஒவ்வோர் எண்ணெய்க்கும் எவ்வளவு காஸ்டிக் சோடா தேவை என்பதற்கு ஓர் எண் உண்டு. 1 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 0.183 கிராம், அரிசித் தவிட்டு எண்ணெய்க்கு 0.133, விளக்கெண்ணெய்க்கு 0.128.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தேங்காய் எண்ணெய் 500 கிராம், தவிட்டு எண்ணெய் 400 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம் எனக் கொள்வோம். தேவைப்படும் காஸ்டிக் சோடா முறையே 91.5, 53.2, 12.8 கிராம்; மொத்தம் 157.5 கிராம். இதில் 5 விழுக்காட்டைக் குறைத்து 149.6 கிராம் மட்டுமே சேர்க்க வேண்டும். அதனால் சிறிதளவு எண்ணெய் வினைபுரியாமல் எஞ்சித் தோலுக்கு மென்மை தரும். எடையில் நேரும் சிறு பிழைகளுக்கும் அதுவே காப்பு. தண்ணீர், காஸ்டிக் சோடாவைப் போல் இரு மடங்கு, அதாவது சுமார் 300 கிராம் போதும்.

நம் வாடிக்கையாளர் பயன்படுத்தியதும் ஏறக்குறைய இதே அளவுகள்தாம். அவருடைய கணக்கிலும் பிழையில்லை. ஆனால் எண்ணெயை அவர் நிறுக்கவில்லை. 1 லிட்டரை 1 கிலோ எனக் கருதி அளந்து ஊற்றியிருந்தார். சமையல் எண்ணெய் உறையைத் திருப்பிப் பாருங்கள்; 1 லிட்டர் என்பதன் அருகிலேயே 910 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். எண்ணெய் நீரைவிட எடை குறைந்தது. அவர் ஊற்றிய எண்ணெயின் உண்மையான எடை 920 கிராமுக்கும் குறைவு. அதற்குத் தேவையான காஸ்டிக் சோடா 144 கிராம் அளவே. அவர் இட்டதோ 150 கிராம். காப்பாக வைத்த 5 விழுக்காடு முழுவதும் கரைந்து, அதற்கு மேலும் 5 கிராமுக்கு மேற்பட்ட காஸ்டிக் சோடா கட்டிகளில் தங்கிவிட்டது. எங்கள் கை எரிந்ததற்குக் காரணம் அந்த 5 கிராம்தான்.

எனவே முதல் விதி: எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா ஆகிய மூன்றையும் கிராமில் நிறுக்க வேண்டும், மில்லிலிட்டரில் அளக்கலாகாது. 1 கிராம் துல்லியம் உள்ள மின்னணுத் தராசு இத்தொழிலின் முதல் முதலீடு. முத்திரை பிரிக்காத 1 கிலோ உப்புப் பொட்டலத்தை அவ்வப்போது வைத்துப் பார்த்தால் தராசு பெரிதாகப் பிறழ்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பொருட்களை எங்கே, எவ்வாறு வாங்குவது?

காஸ்டிக் சோடா மளிகைக் கடையில் எளிதில் கிடைப்பதன்று. ஒவ்வொரு பெருநகரிலும் வேதிப்பொருள் விற்கும் மொத்தக் கடைத்தெரு ஒன்று உண்டு. தில்லியில் காரி பாவ்லியை அடுத்த திலக் பஜார் அத்தகையது. சிறு நகரங்களில் பினாயில், சோப்புத் தூள் செய்வோர்க்கு மூலப்பொருள் விற்கும் கடையை விசாரித்தால் போதும். அங்கே செதில் வடிவக் காஸ்டிக் சோடா மூட்டையாக வரும். சில்லறையாகவும் நிறுத்துக் கொடுப்பார்கள்.

வாங்கும்போது மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, 'சோடா' என்று மட்டும் கேட்காதீர்கள். சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் வேறு பொருட்கள்; அவற்றால் எண்ணெய் இவ்வாறு சோப்பாகாது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்பதும் வேறு. அது திரவச் சோப்புக்கு உரியது, அதைக் கொண்டு செய்தால் கட்டி இறுகாது. இரண்டாவது, வாய் திறந்த மூட்டையில் நெடுநாள் கிடந்ததை வாங்காதீர்கள். காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் ஈர்த்து அது வீரியம் இழந்திருக்கும். செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தால் அது பழையது. மூன்றாவது, கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்கும் தூளை இதற்குப் பதிலாகப் பயன்படுத்தவே கூடாது. அதில் வேறு பொருட்களும் கலந்திருக்கக்கூடும்.

எண்ணெயிலும் கவனம் தேவை. விதர்ப்பப் பகுதியில் தேங்காய் எண்ணெய் என்றாலே தலைக்குத் தேய்ப்பது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் குப்பி வாசனைத் தைலமாக இருக்கலாம். அத்தகைய பல தைலங்களில் திரவப் பாரபின் எனப்படும் கனிம எண்ணெய் கலந்திருக்கும். கனிம எண்ணெய் எவ்வளவு கலக்கினாலும் சோப்பாகாது. அதை நம்பிக் கணக்கிட்டால் மீண்டும் காஸ்டிக் சோடாதான் மிகும். இரு எண்ணெய்களைக் கலந்து விற்கும் சமையல் எண்ணெய்களும் உண்டு. கலவை விகிதத்தை உறையில் படித்து அதற்கேற்பக் கணக்கிட வேண்டும், அல்லது அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

அருகில் மலிவாகக் கிடைக்கும் கொழுப்பைத் தேடுவதும் நன்று. முதலாம் உலகப் போரின்போது சந்தனக் கட்டை ஏற்றுமதி தடைபடவே, மைசூர் அரசு உள்நாட்டிலேயே எண்ணெய் வடித்துச் சோப்புத் தொழிலையும் தொடங்கிய வரலாறு பலரும் அறிந்ததே. இங்கே கட்சிரோலிக் காடுகளில் மஹுவா என்று அழைக்கப்படும் மரம், நாம் அறிந்த இலுப்பையின் இனமே. அதன் வித்திலிருந்து எடுக்கும் எண்ணெய் சோப்புக்கு ஏற்றது. அதற்கு உரிய காஸ்டிக் அளவைத் தனியே பார்த்துக் கணக்கிட வேண்டும். ஓர் எண்ணெய்க்கு உரிய எண்ணை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது.

மணத்துக்குத் தோலில் பயன்படுத்தத் தக்க வாசனை எண்ணெயையே வாங்க வேண்டும். மெழுகுவத்திக்கும் ஊதுவத்திக்கும் உரியவை ஆகா. எண்ணெய் எடையில் 3 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்காதிருப்பது நலம். நிறத்துக்கு ஹோலிப் பொடியை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. மஞ்சள்தூள் சேர்த்தால் முதலில் சிவந்து, நாளடைவில் வெளிறும். செம்பருத்தியின் சிவப்பு காரத்தில் நில்லாது, பழுப்பாகிவிடும். நாகபுரியின் ஆரஞ்சுத் தோலை உலர்த்தி மெல்லிய பொடியாக்கிச் சிறிதளவு சேர்ப்பது எங்களுக்கு நல்ல பயன் தந்தது.

செய்யும்போது காக்க வேண்டிய ஒழுங்கு

கண்ணாடி, ரப்பர்க் கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடமே தக்கது. காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். தண்ணீரைக் காஸ்டிக் சோடாவின்மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரையும்போது கலவை 80 பாகை செல்சியசையும் தாண்டிச் சூடாகும். எழும் ஆவியை முகர்ந்துவிடக் கூடாது. எவர்சில்வர்ப் பாத்திரமோ வெப்பம் தாங்கும் பாலிப்ரொப்பிலீன் பாத்திரமோ வேண்டும். அலுமினியப் பாத்திரத்தைக் காஸ்டிக் சோடா அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும்.

தோலில் பட்டால் உடனே குழாய் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். வினிகர் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் இடைவிடாது கழுவி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கரைசலைக் குடிநீர்க் குப்பியில் வைக்கும் வழக்கம் பேரிடரில் முடியும்.

கரைசலும் எண்ணெயும் ஏறத்தாழ 40 பாகை அளவுக்கு ஆறியபின், கரைசலை எண்ணெயில் ஊற்றிக் கலக்க வேண்டும். கரண்டியால் எடுத்து மேலே விட்டால் கலவையின்மீது கோடு சற்று நேரம் நிற்க வேண்டும். தோசை மாவுப் பதம் என்று நினைவில் கொள்ளலாம். அப்பதத்தில் அச்சில் ஊற்றி, ஓரிரு நாட்களில் எடுத்து வெட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் 4 முதல் 6 வாரங்கள் அடுக்கி வைக்க வேண்டும். அவ்வளவில் நீர் வற்றிக் கட்டி இறுகும். மேலே கண்ட அளவில் 100 கிராம் கட்டிகள் 12 முதல் 14 வரை கிடைக்கும்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் காஸ்டிக் சோடாவே வேண்டாம் என்று எண்ணுவோர்க்கு மற்றொரு வழி உண்டு. சோப் பேஸ் எனப்படும் ஆயத்தக் கட்டியை வாங்கி, உருக்கி, மணம் சேர்த்து அச்சில் ஊற்றலாம். அடக்க விலை கூடுதலாகும். ஆனால் அபாயம் மிகக் குறைவு.

தொடக்கநிலையில் நேரும் பிழைகளும் தீர்வுகளும்

*கலவை பதத்துக்கு வரவில்லை.* கையால் கலக்கினால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஹேண்ட் பிளெண்டர் சில நிமிடங்களில் முடித்துவிடும். அதன் பின்னும் வராவிடில், வீரியமற்ற காஸ்டிக் சோடா, மிகுந்த தண்ணீர், கனிம எண்ணெய்க் கலப்பு ஆகியவற்றுள் ஒன்று காரணமாயிருக்கும். கண்மதிப்பில் மேலும் காஸ்டிக் சோடாவைக் கொட்டுவது பெரும் தவறு.

*ஊற்றுமுன்பே கலவை இறுகிவிட்டது.* கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்கள் இவ்வாறு செய்யும். அவை தோலையும் உறுத்தக்கூடியவை. புதிய மணத்தை முதலில் சிறிதளவு கலவையில் சோதித்துப் பாருங்கள்.

*அச்சில் எண்ணெய் தனியே மிதக்கிறது.* போதிய அளவு கலக்காமல் ஊற்றியதே காரணம். கையுறை அணிந்து முழுவதையும் பாத்திரத்தில் இட்டு, மெல்லிய சூட்டில் கிளறி ஒன்றாக்கலாம்.

*மேற்பரப்பில் வெண்பொடி.* காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து உண்டாகும் சோடாச் சாம்பல் இது. பெரும்பாலும் தீங்கற்றது, ஈரத்துணியால் துடைக்கலாம். ஊற்றியவுடன் அச்சை மூடி வைத்தால் குறையும்.

*உள்ளே வெண்கட்டிகள், கட்டி உதிர்கிறது.* இதை அலட்சியம் செய்யக் கூடாது. காஸ்டிக் சோடா மிகுந்ததற்கோ சரியாகக் கரையாததற்கோ இது அடையாளமாகலாம். நன்கு முதிர்ந்த கட்டியை ஈர விரலால் தேய்த்து, விரல் நுனியை நாவில் சற்றே தொட்டுப் பார்ப்பது பழகியவர்களின் சோதனை. சோப்பின் சுவை மட்டும் இருந்தால் நன்று. மின்கலத்தைத் தொட்டாற்போல் சுரீர் என்றால் காரம் மிஞ்சியிருக்கிறது. வெண்கட்டி கண்ணில் தெரியும் சோப்பில் இச்சோதனையையும் செய்ய வேண்டாம். பி.எச். தாள் 9 முதல் 10 வரை காட்டுவது சோப்புக்கு இயல்பு. காரம் மிகுந்ததைப் பிறருக்குத் தரலாகாது.

*விரிசல் விழுகிறது.* கலவை மிகுதியாகச் சூடேறியது. பால், தேன், சர்க்கரை சேர்த்தால் வெப்பம் மிகும். மே மாதத்து விதர்ப்ப வெயிலில் அச்சைக் கம்பளியால் மூடுவது தேவையற்றது.

*செம்மஞ்சள் புள்ளிகளும் சிக்கு நாற்றமும்.* எஞ்சிய எண்ணெய் கெட்டதன் அறிகுறி. பழைய எண்ணெயைத் தவிர்த்து, மழைக்காலத்தில் ஈரம் படாத இடத்தில், துருப்பிடிக்கும் இரும்புத் தட்டில் வைக்காமல் அடுக்க வேண்டும். சோப் பேஸில் செய்த கட்டிகள் மழைக்காலத்தில் வியர்ப்பதும் உண்டு. கிளிசரின் ஈரத்தை ஈர்ப்பதே அதற்குக் காரணம். உடனே உறையிட்டுக் காக்கலாம்.

வங்கியாளர் பார்வையில் சில சொற்கள்

6 வாரம் முதிர வேண்டிய பொருள் என்றால், 6 வாரப் பணமும் அலமாரியில் உறங்குகிறது என்று பொருள். வாரம் 100 கட்டிகள் செய்வதாகவும், ஒன்றின் அடக்கம் 30 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். எந்நேரமும் 600 கட்டிகள், அதாவது 18,000 ரூபாய், அலமாரியில் இருக்கும். கடைக்காரருக்கு 4 வாரத் தவணை கொடுத்தால் மேலும் 12,000 ரூபாய் வெளியில் நிற்கும். ஆக, 30,000 ரூபாய் நடைமுறை மூலதனம் இன்றி இத்தொழில் சீராக ஓடாது. இந்தக் கணக்கை விண்ணப்பத்தோடு எழுதித் தாருங்கள். எங்கள் வேலையும் எளிதாகும், உங்கள் தேவையும் உங்களுக்கே தெளிவாகும்.

வீட்டுப் பயன்பாட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. விற்பனைக்கான குளியல் சோப்பு 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின் கீழும், 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருட்கள் விதிகளின் கீழும் வருகிறது. மாநில உரிமம் வழங்கும் அதிகாரியிடம் உற்பத்தி உரிமம் பெற வேண்டும். உறையில் உட்பொருட்கள், தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், உரிம எண் முதலியன இடம்பெற வேண்டும். உத்யம் பதிவு கட்டணமின்றி இணையத்தில் கிடைக்கிறது. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களிலும் தொழிற்பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஒவ்வொரு பொருளின் எடை, வாங்கிய கடை, பதம் வர ஆன நேரம், வெட்டிய நாள் ஆகியவற்றை எழுதுங்கள். நம் வாடிக்கையாளரின் பிழையைக் கண்டுபிடிக்க உதவியதும் அவர் பள்ளி நோட்டில் எழுதிவைத்திருந்த குறிப்பே. 'தேங்காய் எண்ணெய் அரை லிட்டர்' என்ற ஒரு வரி அனைத்தையும் விளக்கிவிட்டது.

அவர் அந்தத் தீபாவளிக்குச் சோப்பு விற்கவில்லை. முன்பணம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று, காரணத்தையும் மறைக்காமல் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அது எளிதாக இருக்கவில்லை என்று பின்னர் எங்களிடம் கூறினார். தொடர் வைப்பை முறிக்கவில்லை. தராசு ஒன்று வாங்கி, சிறு சிறு தொகுதிகளாகச் செய்து, தம் வீட்டாருக்கு மட்டும் கொடுத்து வந்தார். மறு ஆண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில் உரிமத்தின் நகலோடும் நடைமுறை மூலதனக் கணக்கோடும் கிளைக்கு வந்தார். முன்பு பணம் திருப்பிப் பெற்ற வீட்டாருள் பலர் அவரிடமே மீண்டும் கேட்டிருக்கிறார்கள் என்றும் தெரிவித்தார். கடன் வழங்கப்பட்டது. இப்போது எங்கள் கிளையின் கை கழுவும் தொட்டியருகே இருப்பது அவர் செய்த சோப்புத்தான்.

இத்தொழிலில் இறங்க விரும்பும் வாடிக்கையாளர்கள் முதல் மூட்டை வாங்கும் முன் தங்கள் கிளை அலுவலரைக் கண்டு பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம். குறிப்பேட்டையும் உடன் கொண்டு வாருங்கள்.